தோலைத் தேடி வேலப்பன்சாவடிக்கு

மனிதத் தோலை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அனுப்ப அனுமதி வாங்குவதைவிட, தோல் இருக்கும் ஊருக்கு நாமே போய்விடுவது சுலபம். பினாங்கில் எங்கள் ஆய்வுக்கூடம் இதை ஒருவழியாக ஒப்புக்கொண்ட அன்று எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மற்றவர்கள் சீனர்களும் மலாய்க்காரர்களும். "நீங்கதான் போகணும். உங்களுக்குத்தான் தமிழ் தெரியும்" என்றார்கள். தெரியும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வேதியியல்காரி. தோல் உரிவதைப் பற்றி ஆராய்கிறேன் என்றால், ஈப்போவில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் பாம்பைப் பற்றியா என்று கேட்பார்கள். மனிதனுக்கும் தினமும்தான் உரிகிறது. தோலின் மேலடுக்கு முழுக்கச் செத்த செல்கள். அவை ரிவெட் அடித்த தகடுகள்போல ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். சில நொதிகள் கத்தரி மாதிரி அந்த ரிவெட்டுகளை மெல்ல மெல்ல வெட்டிக்கொண்டே இருப்பதால் பழைய செல்கள் கண்ணுக்குத் தெரியாமல் உதிர்ந்துபோகின்றன. கத்தரிகள் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ள உடம்பே ஒரு காவல் புரதத்தை வைத்திருக்கிறது. மிகச் சிலர் அந்தக் காவல் இல்லாமல் பிறந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு உடம்பெல்லாம் சிவந்து வாழ்நாள் முழுக்கச் செதில் செதிலாக உரியும். தலைமுடி மூங்கில் கணுப்போல முடிச்சு விழுந்து ஒடியும்.

அந்தக் காவலின் வேலையைச் செய்யக்கூடிய சின்ன மூலக்கூறுகளைத்தான் நாங்கள் செய்கிறோம். தடுப்பான்கள் என்று பெயர். கத்தரிகள் பல, எண் போட்டு அழைக்கிறோம். ஒவ்வொன்றாகக் கட்டிப்போட்டுப் பார்த்தால் எது எவ்வளவு வெட்டுகிறது என்று தெரியவரும். தெரிந்தால், பின்னால் யாராவது அதற்கேற்ற மருந்து செய்யலாம். ஏழாம் கத்தரிதான் பெரிய குற்றவாளி என்பது என் கட்சி. அதை மட்டும் பிடித்து நிறுத்தும் ஒரு தடுப்பானைச் செய்வதில்தான் என் தலை நரைத்தது.

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லித்தரும் பேராசிரியை வசந்திக்கு இந்த நோயுள்ள ஒரு பெண்ணைத் தெரியும். ரேவதி என்று பெயர், ஆவடிப் பக்கத்துப் பெண். சோதனைக்குச் சம்மதித்திருக்கிறாள். கல்லூரிக் குழுவும் அனுமதி தந்துவிட்டது. நான் தடுப்பான்களை ஒரு குளிர்பெட்டியில் வைத்து, அதை மடியில் குழந்தைபோல வைத்துக்கொண்டு வந்து இறங்கினேன்.

என்னைத் தங்கவைத்த விருந்தினர் அறை பெங்களூர் நெடுஞ்சாலையைப் பார்த்தபடி இருந்தது. ஈப்போவில் சடக்கில், அதாவது சாலையில், ஹாரன் அடித்தால் ஏதோ விபத்து என்று பொருள். இங்கே அது மூச்சு விடுவதுபோல. லாரிகள், கல்லூரிப் பேருந்துகள், மெட்ரோ வேலைக்குத் தோண்டிப்போட்ட பள்ளங்களைச் சுற்றி வளைந்துபோகும் பைக்குகள். ஜன்னலைச் சாத்தினால் வெக்கை, திறந்தால் தூசி. தூசியைத் தேர்ந்தெடுத்தேன்.

காலையில் கீழே இறங்கி, வாட்ச்மேனிடம், "இங்கே பசியாற நல்ல இடம் எது?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டுக்கு அப்படித்தான் சொல்வோம். அவர் முகம் சட்டென்று இளகிவிட்டது. "அய்யய்ய, எப்ப துன்னீங்க கடைசியா?" என்று கேட்டு, தன் டிபன் டப்பாவைத் திறக்கப் போனார். பட்டினி கிடந்து வந்தவள் என்று நினைத்துவிட்டார். விளக்கிச் சொன்னதும், "ஓ, நாஷ்டாவா!" என்று சிரித்து, எதிர்ப்பக்கத்துக் கடையைக் காட்டினார். அங்கே இட்லியும் வடகறியும் தந்தார்கள். பருப்பு வடையை உதிர்த்துப் போட்ட அந்தக் குழம்பை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய்க்கு ஊற்றும் பருப்புக் குழம்பு அதன் பக்கத்தில் நிற்காது. இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

நாவில் அந்த ருசியோடு ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். வசந்தி வாசலிலேயே நின்றார். என்னைவிடப் பத்து வயது சிறியவர், அம்பத்தூர்க்காரர், வேகமாகப் பேசுபவர். அன்று வேகம் இல்லை.

"மேடம், ஒரு சின்ன சிக்கல். ரேவதி வரமாட்டேங்கிறாங்க."

"ஒப்புக்கிட்டாங்கன்னு சொன்னீங்களே?"

"ஒப்புக்கிட்டாங்க. நேத்து போன் பண்ணி வேணாம்னுட்டாங்க. முன்னால ஒரு ஆஸ்பத்திரியில, ஆராய்ச்சின்னு சொல்லி போட்டோ எடுத்திருக்காங்க. முகம் தெரியாதுன்னுதான் சொன்னாங்களாம். அது எப்படியோ வெளியில வந்து, இவங்க வேலை செய்யற எடத்துல எல்லார் போன்லயும் சுத்தியிருக்கு. நீங்க வெளிநாட்டுலேர்ந்து வர்றீங்கன்னு தெரிஞ்சதும் பயம் வந்துடுச்சு."

குளிர்பெட்டியை அவருடைய ஃப்ரீசரில் வைத்தேன். வேறு நோயாளி யாராவது உண்டா என்று கேட்டேன். ஒரு கைக்குழந்தை இருக்கிறது என்றார். அதைக் கேட்கவே கூடாது என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

"நான் போய்ப் பாக்கலாமா?" என்றேன். "கட்டாயப்படுத்த மாட்டேன். வந்ததுக்கு மூஞ்சியையாவது காட்டிட்டு வர்றேன்."

வசந்தி ரேவதியின் கணவரைப் போனில் பிடித்தார். வரட்டும், டீ சாப்பிட்டுப் போகட்டும் என்று பதில் வந்தது.

மறுநாள் பூந்தமல்லி போய், அங்கிருந்து ஆவடி பஸ் ஏறினேன். கரையான்சாவடியைத் தாண்டுவதற்குள் பஸ் மூன்றுமுறை நின்றது. கடைசியில் பொறுமையிழந்த ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, கடையில் மோர் வாங்கிக் குடித்தார். பயணிகள் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஈப்போவில் எங்கள் பக்கத்து வீட்டார் தெலுங்கர்கள் என்பதால் எனக்கு ஓரளவு புரியும். "மாப்பிள்ளை நல்லவன்தான், ஆனால் அவன் போன் பேசும்போது எதற்கு எழுந்து நின்றுகொள்கிறான்?" என்றாள் ஒருத்தி. "ராணுவ முகாமில் வேலை. அதிகாரி போனில் பேசினாலும் விறைப்பாக நிற்க வேண்டும் போல" என்றாள் மற்றவள். ஆவடி நெருங்கிவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

பருத்திப்பட்டு நிறுத்தத்தில் ரேவதியின் கணவர் குமார் தன் ஷேர் ஆட்டோவோடு காத்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். காக்கிச் சட்டையின் மேல் பொத்தான்கள் திறந்திருந்தன.

"இன்னா மேடம், மலேசியாவா? நம்ம மச்சான் ஒருத்தன் அங்கதான் கீறான். ஜோகூர்ல. தெரியுமா?"

மலேசியா பெரிய நாடு என்றேன்.

"அதான் அவனும் சொல்லுவான், பணம் கேட்டா."

ஏரியை ஒட்டிப் போனோம். குமார் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். அவருடைய அப்பா காலத்தில் அங்கெல்லாம் பிறத்தியார் கழனியில் கூலிக்கு நட்டார்களாம். இப்போது வீட்டுக்கு ஒருவர் ஆட்டோ, ஒருவர் கம்பெனி. ரேவதி அம்பத்தூர் எஸ்டேட்டில் கார்களுக்கு ஒயர் கட்டு செய்யும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். செய்ததைச் சரிபார்க்கும் வேலை. காதல் கல்யாணம்.

"எங்க ஊட்ல ஒத்துக்கவே இல்ல மேடம். ஒட்டிக்கும்னாங்க. ஏழு வருசமா கூடத்தான் கீறேன், எனுக்கு இன்னா ஒட்டிச்சு? அவ கோவம்தான் ஒட்டிச்சு."

அந்தத் தெருவில் நெருக்கி நெருக்கி எழும்பிய மாடி வீடுகளில் ஒன்றின் கீழ்ப்பகுதி அவர்களுடையது. ரேவதி கதவைத் திறந்தாள். முழுக்கைச் சுடிதார், தலையில் ஒரு பருத்தித் துணி. முகத்தில் கன்னமும் நெற்றியும் வெயிலில் நின்றதுபோல் சிவந்து, புருவங்கள் ஏறக்குறைய இல்லாமல் இருந்தன. நான் இந்த நோயைப் பற்றி எழுதியிருக்கிறேன், பேசியிருக்கிறேன். இந்த நோயுள்ள ஒருவரை நேரில் பார்த்தது அன்றுதான். கண்ணை எங்கே வைப்பது என்று ஒரு கணம் தெரியவில்லை. அதை அவள் கவனித்துவிட்டாள்.

"பாத்துக்கோங்க மேடம். அப்பறம் பழகிடும்" என்றாள்.

டீ வந்தது. எங்கள் ஊர்க் கோப்பையில் கால்வாசிதான் இருக்கும். இனிப்பு மட்டும் முழுக் கோப்பைக்கானது. குமார் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மேடம், அந்த மருந்த ஒரு தபா போட்டா செதிலு நிக்குமா?"

ரேவதி என்னைப் பார்க்காமல் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது மருந்து இல்லைங்க" என்றேன். "உடம்புல போடறதுக்கே இல்ல. உரிஞ்ச தோலைக் கொஞ்சம் எடுத்து, குழாயில வெச்சு, எதனால உரியுதுன்னு பாக்கறதுக்கு மட்டும்தான். இதால ரேவதிக்கு இப்போ ஒரு பலனும் கிடையாது."

குமார் முகம் வாடிவிட்டது. "இன்னா மேடம், அப்ப எங்களுக்கு இன்னா?"

"ஒண்ணும் இல்லை."

ரேவதி நிமிர்ந்தாள். "எனுக்கு வேணாம் மேடம். தப்பா நெனைக்காதீங்க. சரக்கு வாங்கற பையருங்க வர்ற அன்னிக்கு கம்பெனியில என்னை ஸ்டோருக்கு உள்ள குந்த வெச்சிடுவாங்க. அதுகூடப் பரவால்ல. அந்த போட்டோ வந்த அன்னிக்கு கேன்டீன்ல எல்லாரும் போனையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. இன்னொரு தபா அது வேணாம்."

சரி என்றேன். கேமரா நான் கொண்டுவரவே இல்லை என்று சொல்லலாமா என்று யோசித்து, அது கெஞ்சுவதுபோல் ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். டீக்கு நன்றி சொல்லிக் கிளம்பினேன். திரும்பும்போதும் குமார்தான் ஆட்டோ ஓட்டினார். நிறுத்தத்தில் இறக்கிவிட்டு, "நீங்களாச்சும் நிக்கும்னு சொல்லிகினு போயிருக்கலாம்" என்றார். கோபமா வருத்தமா என்று தெரியவில்லை.

அன்று மாலை வசந்தியும் நானும் என் தடுப்பான்களைக் கடையில் வாங்கிய நொதிகளில் போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தோம். இதைப் பினாங்கிலேயே செய்திருக்கலாம். வசந்திக்கும் அது தெரியும், ஆனால் சொல்லவில்லை. பூந்தமல்லியில் நல்ல பிரியாணி கிடைக்கும் என்று அழைத்துப்போனார். பிரியாணி நன்றாகத்தான் இருந்தது. கூடவே கத்தரிக்காய்த் தொக்கு வைத்தார்கள். பிரியாணிக்குக் கத்தரிக்காய் எதற்கு என்று கேட்டதற்குப் பரிமாறியவர், நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல் பார்த்தார்.

அடுத்த நாள் நடுப்பகலில் வசந்தியின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. ரேவதிதான். ஷிப்ட் முடிந்ததும் அம்பத்தூர் ஸ்டேஷனில் என்னைப் பார்க்க வேண்டுமாம். தனியாக.

எனக்கு ஆவடியில் ஒரு முகாமுக்குப் பக்கத்தில் வசந்தியின் நண்பரைப் பார்க்கும் வேலை இருந்தது. பழுதுபார்க்கக் கொடுத்திருந்த, சோதனைக் குழாய்களை வேகமாகச் சுற்றும் ஒரு சின்ன சுழலியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு, ஆவடியிலேயே ரயில் ஏறினால் அம்பத்தூர் சீக்கிரமே வந்துவிடும் என்றார்கள். ஏறினேன். பெண்கள் பெட்டியில் பூ தொடுத்துக்கொண்டிருந்தவர் பக்கத்தில் இடம் கிடைத்தது. சுழலியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே ஸ்டேஷன் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தேன். ஒரு ஸ்டேஷனிலும் வண்டி நிற்கவில்லை. அம்பத்தூர் என்ற பலகையும் பின்னால் ஓடிப்போனது.

"இது பாஸ்டும்மா!" என்றார் பூக்காரர். "நிக்காது. பெரம்பூர்ல எறங்கி வேற வண்டி புடி."

பெரம்பூரில் இறங்கி, எதிர்நடைமேடைக்கு ஓடி, கூட்டத்தில் சுழலியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்ப வந்தேன். எங்கள் ஊரில் ரயில் குறைவு. தவறவிட்டால் வீட்டுக்குப் போய் மறுநாள் வரவேண்டியதுதான். இங்கே தவறவிட்டவர்களுக்கென்றே பின்னாலேயே ஒன்று வந்துகொண்டிருக்கிறது. ஆனாலும் வெகுநேரம் ஆகிவிட்டது. ரேவதி போயிருப்பாள் என்றே நினைத்தேன்.

நடைமேடைக் கோடியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பெஞ்சில் அவளைத் தவிர யாரும் இல்லை. பக்கத்தில் கூட்டம் நின்றுகொண்டிருந்தது.

"பாஸ்ட் வண்டில ஏறிட்டீங்களா?" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"மூஞ்சி பேஜாராகி வர்றவங்க எல்லாம் அதுலதான் ஏறியிருப்பாங்க."

வெளியே ஒரு தள்ளுவண்டியில் சுண்டல் வாங்கிக்கொண்டோம். அவள் மாங்காய் வேண்டாம் என்றாள். உதட்டோரம் வெடித்திருந்தது, எரியுமாம். சாப்பிட்டு முடித்தோம். பிறகு, "என் தம்பிக்கும் இதான் மேடம்" என்றாள். "பொறந்து ரெண்டு மாசம்கூட ஆவல, செத்துப்பூட்டான். உடம்புல தண்ணியே நிக்கலேன்னாங்க. எங்கம்மா யார் யார் பேச்செல்லாமோ கேட்டுது. முழுகாம இருக்கறப்ப பாம்ப அடிச்சியா, கெரகணத்துல வெளிய வந்தியான்னு. இன்னிக்கும் கெரகணம்னா கதவ சாத்திகினு அழுவும்."

காலிப் பொட்டலத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள்.

"நேத்து நீங்க ஒண்ணுமில்லேன்னு சொன்னீங்க இல்ல. இதுவரைக்கும் என்கிட்ட யாரும் அப்டி சொன்னதில்ல. எண்ணெ விக்கிறவன்லேர்ந்து எல்லாரும் சரியாயிடும்னுதான் சொன்னாங்க. ராத்திரி பூரா யோசிச்சேன். தோல் தர்றேன். ஆனா நான் அங்கயே இருப்பேன். என்ன பண்றீங்கன்னு பாப்பேன். என்ன வந்தாலும் என் மூஞ்சிக்கு நேரா சொல்லணும். போட்டோ கூடாது."

ஒப்புக்கொண்டேன். வசந்தியை அங்கிருந்தே அழைத்துச் சொன்னேன். அவர் போனிலேயே, "வாங்க வாங்க" என்று கத்தியது ரேவதிக்கும் கேட்டது. அவள் முதன்முறையாகச் சிரித்தாள்.

அவளுடைய வார விடுமுறை அன்று குமாரின் ஆட்டோவிலேயே இருவரும் வந்தார்கள். குமார் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். வெளியே உட்காரச் சொன்னதற்கு, "நான் இன்னா, சுவத்துல ஒட்டிகினு நிக்கறேன்" என்று உள்ளேயே நின்றுகொண்டார்.

தோல் எடுப்பது பெரிய வேலை இல்லை. வட்டமாக வெட்டிய பசைநாடாவை முன்கையில் ஒட்டி, அழுத்தி, உரித்து எடுக்க வேண்டும். அதோடு வரும் மேலடுக்குத்தான் எங்களுக்கு வேண்டியது. கூடவே அவள் காலில் தானாகத் தூக்கிக்கொண்டு நின்ற செதில்களையும் எடுத்தோம். ஒப்பிட்டுப் பார்க்க நோய் இல்லாத ஒருவரின் தோலும் வேண்டும்; என் கையை நீட்டினேன்.

"நான் எடுக்கட்டுமா?" என்றாள் ரேவதி. வசந்தி கையுறை கொடுத்தார். ஒட்டி, அழுத்தி, சரக்கென்று இழுத்தாள். நான் கத்திவிட்டேன். நாடாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அதில் மெல்லிய வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது.

"யோவ், இங்க பாரேன். இவங்களுக்கும் உரியுது!"

குமார் வந்து குனிந்து பார்த்தார். "அட, ஆமா" என்றார், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

நாடாவிலிருந்து நொதிகளைக் கரைசலில் இறக்கி, ஒரு தட்டில் இருந்த சின்னச் சின்னக் குழிகளில் விட்டோம். ஒவ்வொரு குழியிலும் ஒரு பொருள். கத்தரி அதை வெட்டினால் ஒளிரும். வெட்டு அதிகமானால் ஒளி அதிகம். சில குழிகளில் தடுப்பான் இல்லை. சிலவற்றில் என் ஏழாம் கத்தரிக்கான தடுப்பான். சிலவற்றில் ஐந்தாம் கத்தரிக்கானது. அதை என் மாணவி ஒருத்தி, ஒப்பீட்டுக்கு இருக்கட்டும் என்று செய்து கொடுத்திருந்தாள். சிலவற்றில் இரண்டும். செதில் துண்டுகளைத் தனியாகக் குழாய்களில் இதேபோலப் போட்டு, மெல்ல ஆட்டும் வெதுவெதுப்பான பெட்டியில் மறுநாள்வரை வைத்தோம்.

ஒளியை அளக்கும் இயந்திரத்துக்குள் தட்டை அனுப்பி, திரையில் கோடுகள் ஏறத் தொடங்கியதும் கரண்ட் போனது. ஜெனரேட்டர் உறுமி எழுந்தது, ஆனால் அந்தச் சில நொடியில் இயந்திரம் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. வசந்தி தலையில் கைவைத்தார். மிச்சம் இருந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாகப் பங்கிட்டு இன்னொரு தட்டு தயார் செய்தோம். அதற்குமேல் இல்லை. இந்தமுறை குமார் ஜன்னல் பக்கம் திரும்பி, ஏதோ முணுமுணுத்துக்கொண்டே நின்றார். மின்வாரியத்தை வேண்டிக்கொண்டாரா, சாமியையா, தெரியவில்லை.

கோடுகள் ஏறின. தடுப்பான் இல்லாத ரேவதியின் கோடு செங்குத்தாகப் போனது. என் தோலின் கோடு தரையோடு தவழ்ந்தது.

"இந்த மேல போறது நானா?" என்றாள்.

"ஆமா."

"எம்மாம் வேகம்."

அடுத்து என் தடுப்பான் போட்ட கோட்டைத் தேடினேன். மேலே போகும் கோட்டுக்குச் சற்றே கீழே, ஏறக்குறைய அதே வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. குழி மாறிவிட்டதோ என்று பார்த்தேன். மாறவில்லை. ஐந்தாம் கத்தரியைக் கட்டிய கோடு பாதியாகத் தாழ்ந்திருந்தது. இரண்டையும் கட்டியது இன்னும் கீழே, என் தோலின் கோட்டுக்கு அருகில் வந்திருந்தது.

வசந்தி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "மேடம், இது அருமையான ரிசல்ட்! அஞ்சுதான் முதலாளி!"

உண்மைதான். இதைப் பார்க்கத்தான் வந்தேன். ஆனால் இத்தனை காலம் ஏழின் பின்னால் அலைந்தவளுக்கு அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டமாக இருந்தது. தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே வந்து, வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றேன். கீழே மாணவர்கள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ரேவதி பின்னாலேயே வந்தாள்.

"தப்பா வந்திச்சா?"

நேராகச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தேன். "சரியாத்தான் வந்திருக்கு. நான் நெனச்சது தப்பு."

அவள் அதை யோசித்தாள். "பாவம்" என்றாள். கிண்டல் இல்லை. அதன் பிறகு இருவரும் உள்ளே போனோம்.

மறுநாள் அவள் ஷிப்டுக்குப் போகும் வழியில் குமாரோடு குழாய்களைப் பார்க்க வந்தாள். நான் அன்று கிளம்ப வேண்டும். பெட்டி அறையில் கட்டி வைத்திருந்தது. ஆட்டும் பெட்டியிலிருந்து குழாய்களை எடுத்து வரிசையாக நிறுத்தினேன். தடுப்பான் இல்லாத குழாய், அரிசி களைந்த தண்ணீர்போலக் கலங்கியிருந்தது. செதிலிலிருந்து செல்கள் பிரிந்து பிரிந்து நீரில் மிதந்தன. ஏழைக் கட்டியதும் கலங்கல்தான். ஐந்தைக் கட்டியது பரவாயில்லை. இரண்டையும் கட்டிய குழாய் ஏறக்குறையத் தெளிவாக இருந்தது; செதில் துண்டு அடியில் முழுசாகக் கிடந்தது.

ரேவதி தெளிந்த குழாயைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது என் தோலுதானே?"

"உன்னோடதுதான்."

"உரியாம கீதே."

குமார் எட்டிப் பார்த்தார். "மேடம், இதயே இவ கையில கொஞ்சோண்டு பூசிப் பாத்தா இன்னா? ஒரே ஒரு எடத்துல?"

"முடியாதுங்க. குழாயில நல்லா நடந்துக்குது. உடம்புக்குள்ள போனா என்ன பண்ணும்னு தெரியாது. ரத்தம் ஒறையறதுக்கும் இதே மாதிரி கத்தரிங்க இருக்கு. அதையும் சேத்துக் கட்டிப் போட்டுச்சுன்னா? பிராணிகள்ல பாக்கணும், அப்புறம் ரொம்பப் பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துப் பாக்கணும்."

"எம்மாம் நாளாவும்?"

"பத்து வருஷம் ஆகலாம். அதுக்கு மேலயும் ஆகலாம். வராமலே போகலாம்."

குமார் கைகளை உதறினார். "அப்ப எதுக்கு இம்மாந் தூரம் வந்து, இத அவ கண்ணுல காட்டிகினு..." முடிக்காமல் வெளியே போய்விட்டார். வசந்தி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி.

ரேவதி குழாயை அதன் இடத்தில் வைத்தாள். "நேத்து கோடு" என்றாள், "ரெண்டையும் கட்டினது. அது உங்க கோட்டுக்குக் கிட்ட வந்திச்சு. ஆனா சேரல. இன்னும் கொஞ்சம் மேலதான் இருந்திச்சு."

"ஆமா."

"அப்ப அந்த மிச்சம் யாரு வெட்றது?"

"தெரியல. வேற ஏதோ ஒரு கத்தரி."

"தெரிஞ்சிக்க இன்னா வேணும்?"

"இன்னும் தோல் வேணும். நேத்து எடுத்ததுல பாதி கரண்ட் போனதுல வீணாயிடுச்சு, மீதி தீந்துடுச்சு. பரவாயில்ல, அடுத்த வருஷம் வர முடியுமான்னு..."

"அடுத்த வருசம் எங்க வருவே நீ? ஆவடிலேர்ந்து அம்பத்தூர் வரவே பெரம்பூர சுத்திகினு வந்தே." என்னை மேடம் என்பதும் நீங்கள் என்பதும் போய்விட்டிருந்தன. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தலைத்துணியை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். ஒடிந்து ஒடிந்து நின்ற முடியோடு அவளை அப்போதுதான் பார்த்தேன். சுடிதாரின் கையைத் தோள்வரை சுருட்டினாள். நேற்று எடுத்த இடம் இன்னும் சிவந்திருந்ததால் மற்றக் கையை நீட்டினாள்.

"வசந்தி மேடம் ஃப்ரீசர்ல எவ்ளோ புடிக்குமோ அவ்ளோ எடுத்துக்கக்கா. எந்தக் கத்தரின்னு கண்டுபுடிச்சு சொல்லு. எனுக்கு இல்லாட்டி போவுது."

வெளியே குமாரின் ஹாரன் ஒலித்தது. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

"இருய்யா!" என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள். பிறகு என்னிடம், "இன்னா பாத்துகினே கீறே? ஒட்டு" என்றாள்.